ஒரு கணக்கு எவ்வளவு கடினம்? அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் செமஸ்டர் தேர்வு அட்டவணை போடும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அடிப்படை விதி ஒன்றே ஒன்று: ஒரு மாணவர் எழுத வேண்டிய இரண்டு தாள்கள் ஒரே செஷனில் விழக் கூடாது. அந்தந்த செமஸ்டர் தாள்களை மட்டும் வைத்துப் போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அரியர் பட்டியலைச் சேர்த்தால் மூன்று நாள் உட்கார வேண்டும். எட்டாவது செமஸ்டர் மாணவர் ஒருவர் இரண்டாம் செமஸ்டர் கணிதத்தையும் நான்காம் செமஸ்டர் மின்னியலையும் பாக்கி வைத்திருப்பார். அவர் ஒருவருக்காக மூன்று செமஸ்டர்களின் அட்டவணைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எப்படியோ 14 செஷனில் ஒன்றைப் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனால், "இன்னும் ரெண்டு செஷன் குறைக்க முடியாதா சார்?" என்று கேட்பார்கள்.

அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. 12 செஷனில் ஓர் அட்டவணை எங்கோ இருந்து அது என் கண்ணில் படவில்லையா? அப்படி ஒன்று இல்லவே இல்லையா? எப்போதும் சட்டென்று கண்டுபிடித்துத் தரும் முறை ஒன்று இருந்து, அது எனக்கு மட்டும் தெரியவில்லையா? இந்த மூன்றும் வேறு வேறு கேள்விகள். இவற்றைப் பிரித்து அளந்து சொல்வதுதான் கணிமைச் சிக்கல் கோட்பாடு. அந்த அளவுகோலை எப்படிப் பிடிப்பது என்பதை இந்த அட்டவணைக் கணக்கை வைத்தே சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது லாரிகளுக்கு ரூட் போடும் வேலையாகவோ, தொழிற்சாலை ஷிஃப்ட் பிரிக்கும் வேலையாகவோ இருக்கலாம். படிகள் இவையேதான்.

முதல் படி: கேள்வியை மூன்று வரியில் எழுதுங்கள்

என்ன கொடுக்கப்படுகிறது, என்ன வேண்டும், அளவு எது. இந்த மூன்றையும் தாளில் எழுதாமல் மேலே போகாதீர்கள். எங்கள் கணக்கில் கொடுக்கப்படுவது தாள்களின் பட்டியலும், ஒவ்வொரு மாணவரும் எழுதும் தாள்களும். ஒவ்வொரு தாளையும் ஒரு புள்ளியாக வரையுங்கள். ஒரே மாணவர் எழுதும் இரண்டு தாள்களுக்கு இடையே ஒரு கோடு போடுங்கள். கணினியியலில் இந்தப் படத்துக்குக் கிராஃப் என்று பெயர். செஷன்களை நிறங்களாக எண்ணிக்கொண்டால் கேள்வி இப்படி ஆகிவிடுகிறது: கோட்டால் இணைந்த எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரே நிறம் வராமல், எத்தனை நிறத்தில் எல்லாப் புள்ளிகளுக்கும் நிறம் கொடுக்கலாம்?

அடுத்து, அதை ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்வியாக மாற்றுங்கள்: "12 நிறம் போதுமா?" குறைந்தபட்சம் எத்தனை என்ற கேள்வியை இதை வைத்தே தீர்த்துவிடலாம். 14 போதுமா, 13 போதுமா, 12 போதுமா என்று இறங்கிக்கொண்டே வந்தால் சரி.

மூன்றாவது வரியில் பலரும் தவறுகிறார்கள். அளவு என்பது, கொடுக்கப்பட்டதை எழுதிக்காட்ட எவ்வளவு இடம் தேவை என்பது. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 100 இலக்க எண்ணை எழுத 100 இலக்கம் போதும். ஆகவே அளவு 100. ஆனால் 2, 3, 4 என்று அதன் வர்க்கமூலம் வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 10^50 வகுத்தல் வரும். எண்ணின் மதிப்பை அளவாக எடுத்தவருக்கு இந்த முறை வேகமானதாகத் தெரியும். இலக்கங்களை அளவாக எடுத்தவருக்கு இது ஒரு காலத்திலும் முடியாதது என்று புரியும். 2002-இல் ஐஐடி கான்பூரைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்த முறைக்கு உலகமே கைதட்டியதற்குக் காரணம் இந்த மூன்றாவது வரியில்தான் இருக்கிறது. எந்த யூகத்தையும், எந்தச் சீட்டுக் குலுக்கலையும் நம்பாமல், இலக்கங்களின் எண்ணிக்கையை வைத்து அளவாகவே வளரும் நேரத்தில் பகா எண்ணைச் சோதிக்க முடியும் என்று அவர்கள் நிறுவினார்கள்.

இரண்டாம் படி: கூரையைக் கட்டுங்கள்

ஒரு கணக்கின் கடினத்தை இரண்டு பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். "இதற்கு மேல் நேரம் ஆகாது" என்பது கூரை. "இதற்குக் கீழே முடியவே முடியாது" என்பது தரை. கூரை கட்டுவது சுலபம். ஏதாவது ஒரு முறையை எழுதி, மிக மோசமான நிலையில் அது எத்தனை அடி எடுத்துவைக்கும் என்று எண்ணினால் போதும்.

புள்ளிகளின் எண்ணிக்கையை 'ந' என்று வைத்துக்கொள்வோம். 3 செஷன் போதுமா என்று பார்க்க, எல்லா வழிகளையும் போட்டுப் பார்ப்பது மிக எளிய முறை. ஒவ்வொரு தாளுக்கும் 3 வாய்ப்பு, ஆகவே மொத்தம் 3^ந. 40 தாள் என்றால் சுமார் 1.2 × 10^19 வழிகள். வினாடிக்கு 100 கோடி வழிகளைப் பார்க்கும் கணினிக்கு இதற்கு ஏறத்தாழ 385 ஆண்டுகள் ஆகும். ஒரே ஒரு தாளைக் கூட்டினால் 1,155 ஆண்டுகள். சரி, ஆயிரம் மடங்கு வேகமான கணினி வாங்கிவிட்டோம் என்று வையுங்கள். அதே நேரத்தில் கூடுதலாக எத்தனை தாள்களைச் சமாளிக்கலாம்? 6 தாள்கள்தான். எனக்கு இந்தத் துறையில் ஆர்வம் வந்ததே இந்த 6 என்ற எண்ணைப் பார்த்த அன்றுதான்.

இதனால்தான் வினாடிகளைப் பார்க்காமல் வளர்ச்சியைப் பார்க்கிறோம். அளவு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறதா, எட்டு மடங்காகிறதா, அல்லது தன்னையே பெருக்கிக்கொள்கிறதா? 1965-இல் யூரிஸ் ஹார்ட்மானிஸும் ரிச்சர்ட் ஸ்டேர்ன்ஸும் எழுதிய கட்டுரை இந்த அளவீட்டுக்கு உறுதியான அடித்தளம் போட்டது. அதற்காக 1993-இல் அவர்களுக்குக் கணினியியலின் உயரிய பரிசான டூரிங் விருது கிடைத்தது. அதே காலத்தில் ஆலன் கோபமும் ஜாக் எட்மண்ட்ஸும் ஒரு கோட்டைக் கிழித்தார்கள். நேரம் ந², ந³ என்று பல்லுறுப்புக்கோவையாக வளர்ந்தால் அது கைக்கு அடங்கும் கணக்கு. 2^ந, 3^ந என்று அடுக்கில் ஏறினால் அடங்காது. முதல் வகைக்குத்தான் பி வகுப்பு என்று பெயர். ந^100 கூட இந்தக் கோட்டுக்கு உள்ளேதான் வரும், அது நடைமுறைக்கு ஆகாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இயல்பாக எழும் கணக்குகளில் அடுக்கு பெரும்பாலும் சின்ன எண்ணாகவே அமைகிறது. அதனால் இந்தக் கோடு இன்றும் நிற்கிறது.

கூரையைக் கட்டியதும் நிறுத்திவிடாதீர்கள். அதை இறக்கிப் பாருங்கள். மூன்று நிறக் கணக்குக்கே 2005-இல் ரிச்சர்ட் பைகலும் டேவிட் எப்ஸ்டைனும் வெளியிட்ட முறை 1.3289^ந என்ற அளவில் வேலையை முடிக்கிறது. 40 தாளுக்கு அது சுமார் 87,000. 385 ஆண்டு வேலை கண் இமைக்கும் நேரமாகிவிட்டது. ஆனாலும் 200 தாள் என்று போட்டால் மோசமான நிலைக்கான கூரை மறுபடி சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு ஏறிவிடுகிறது. அடுக்கு என்பது அடுக்குதான். அடியில் இருக்கும் எண் சின்னதானால் மலை சற்றுத் தள்ளிப் போகும், அவ்வளவே.

மூன்றாம் படி: தரையைத் தேடுங்கள்

நான் யோசித்த முறை மெதுவானது என்பதால் கணக்கே கடினமானது என்று ஆகிவிடாது. மாஸ்கோவில் 1960-இல் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ந இலக்கமுள்ள இரண்டு எண்களைப் பெருக்க, நாம் பள்ளியில் படித்தபடி ந² அளவு வேலை கட்டாயம் தேவைப்படும் என்று பெரும் கணித மேதை கோல்மோகோரோவ் கருதினார். கருத்தரங்கில் அதைக் கேட்ட 23 வயது மாணவர் அனதோலி கரட்சூபா ஒரே வாரத்தில் ந^1.585 அளவில் பெருக்கிக் காட்டினார். நான்கு சின்னப் பெருக்கல்கள் தேவைப்பட்ட இடத்தில் மூன்றே போதும் என்பதுதான் அவர் கண்ட சூட்சுமம். பல நூற்றாண்டுகளாக எல்லோரும் செய்த முறை என்பதற்காக அது தரை ஆகிவிடவில்லை.

அப்படியானால் உண்மையான தரை எப்படி இருக்கும்? 60 விடைத்தாள்களைப் பதிவெண் வரிசையில் அடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு தாள்களை ஒப்பிட்டு எது முன்னால் என்று மட்டும் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்துத் தாள்களை மாற்றிக்கொண்டே போகும் எளிய முறையில், மோசமான நிலையில் 1,770 ஒப்பீடுகள் வரும். இதை எவ்வளவு குறைக்கலாம்? தாள்கள் முதலில் இருந்திருக்கக்கூடிய வரிசைகள் 60 காரணீயம் (1 × 2 × 3 × … × 60), அதாவது சுமார் 8.3 × 10^81. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே பதில்கள். ஆகவே மோசமான நிலையில் ஓர் ஒப்பீடு மிச்சமிருக்கும் வாய்ப்புகளைப் பாதிக்கு மேல் குறைக்க முடியாது. அத்தனை வாய்ப்புகளையும் ஒன்றாகக் குறைக்க 272 ஒப்பீடுகள் போதாது, குறைந்தது 273 வேண்டும். யார் வந்தாலும், எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், இன்னும் பிறக்காதவராக இருந்தாலும், ஒப்பீட்டை மட்டும் நம்பும் முறையில் இதற்குக் கீழே போக முடியாது. நல்ல அடுக்கும் முறைகள் இந்தத் தரைக்கு மிக அருகிலேயே ஓடுகின்றன.

இப்படிப்பட்ட தரை கிடைப்பது அபூர்வம். அட்டவணைக் கணக்கைப் போன்றவற்றுக்கு அடுக்கில் ஏறும் தரை உண்டு என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. அதனால் வேறு வழியில் போக வேண்டும்.

நான்காம் படி: விடையைச் சரிபார்ப்பது சுலபமா?

யாரோ ஒருவர் 12 செஷன் அட்டவணையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால், அது சரியா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒவ்வொரு கோட்டையும் எடுத்து, இரண்டு முனையிலும் வேறு வேறு செஷன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கோடுகள் எத்தனையோ அத்தனை அடி. இப்படி, "ஆம்" என்ற விடைக்கான ஆதாரத்தை வேகமாகச் சரிபார்க்க முடிகிற கேள்விகளின் கூட்டம்தான் என்பி வகுப்பு.

"இல்லை" என்ற விடைக்கு நிலைமை வேறு. 12-இல் முடியாது என்று நான் சொன்னால் அதற்கு என்ன ஆதாரம் காட்டுவேன்? பொதுவாக எல்லாக் கிராஃபுக்கும் பொருந்தும் குறுகிய ஆதாரம் எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அலுவலக அறையில் நான் தடுமாறியதன் உண்மையான காரணம் இதுதான். ஆமாவுக்கு ஒரு பக்கத் தாள் போதும், இல்லைக்கு என்ன காட்டுவது என்றே தெரியாது.

ஐந்தாம் படி: எல்லையைச் சின்னதாக்கிப் பாருங்கள்

கடினம் எங்கே நுழைகிறது என்பதை அறிய, கணக்கின் எண்களைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 2 செஷன் போதுமா? ஒரு தாளை முற்பகலில் போடுங்கள். அதோடு மோதும் தாள்கள் எல்லாம் பிற்பகலுக்குப் போயாக வேண்டும். அவற்றோடு மோதுபவை மறுபடி முற்பகலுக்கு. எங்குமே நமக்குத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. ஒன்று எல்லாம் அமைந்துவிடும், அல்லது ஒரே செஷனில் மோதும் இரண்டு தாள்கள் மாட்டும். மாட்டினால், வந்த வழியே திரும்பிப் போனால் 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் தாள்கள் வட்டமாகக் கைகோத்து நிற்பது தெரியும். அந்த வட்டமே "இல்லை"க்கான ஆதாரம். மொத்த வேலையும் புள்ளிகள், கோடுகள் எண்ணிக்கையளவுதான்.

3 செஷன் என்றதும் இந்தக் கட்டாயம் உடைந்துவிடுகிறது. ஒரு தாளை முதல் செஷனில் போட்டால், மோதும் தாளுக்கு இன்னும் இரண்டு இடம் திறந்திருக்கிறது. எதை எடுத்தாலும் பின்னால் திரும்பி வர நேரலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள இந்தப் படியை நீங்களே பத்துப் புள்ளிகளை வரைந்து போட்டுப் பாருங்கள். படிப்பதைவிட அது நன்றாக உறைக்கும்.

கணக்கை வேறு விதமாகவும் சுருக்கலாம். அரியரே இல்லை, ஒவ்வொரு வகுப்புக்கும் தனித் தாள்கள் என்று வையுங்கள். அப்போது கிராஃப் தனித்தனிக் கொத்துகளாகப் பிரிந்துவிடும். எந்த வகுப்புக்கு அதிகத் தாள்களோ அத்தனை செஷன் போதும். என் அரை மணி நேர வேலைக்கும் மூன்று நாள் வேலைக்கும் நடுவே நின்றவர்கள் அரியர் மாணவர்கள் என்று முன்பு நினைத்தது வெறும் மனக்குறை இல்லை, அது நிறுவக்கூடிய உண்மை. அடுத்த படியில் வருகிறது.

ஆறாம் படி: தரையைக் கடன் வாங்குங்கள்

சொந்தமாகத் தரை போட முடியாதபோது, வேறொரு கணக்கின் கடினத்தைக் கடன் வாங்கலாம். இதற்கு ரிடக்ஷன் என்று பெயர். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் ஊன்றிப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

1971-இல் ஸ்டீஃபன் குக் ஒரு விந்தையான உண்மையை நிறுவினார். சோவியத் ஒன்றியத்தில் லியோனிட் லெவின் தனியாகவே அதைக் கண்டு 1973-இல் வெளியிட்டார். உண்மை அல்லது பொய் என்று மதிப்பு ஏற்கும் மாறிகளும், அவை நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளும் தரப்பட்டால், எல்லா நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறுமா என்று கேட்கும் கணக்குக்குச் சாட் என்று பெயர். என்பி வகுப்பில் உள்ள எந்தக் கேள்வியையும் சாட் கணக்காக வேகமாக மாற்றி எழுதிவிடலாம். ஆகவே சாட் கணக்குக்கு வேகமான முறை கிடைத்தால் என்பி முழுவதற்கும் கிடைத்த மாதிரி. 1972-இல் ரிச்சர்ட் கார்ப் அங்கிருந்து தொடங்கி 21 கணக்குகளை இந்தச் சங்கிலியில் கோத்தார். கிராஃபுக்கு நிறம் கொடுப்பது அவற்றில் ஒன்று.

திசையைத்தான் முதலில் மனதில் பதிக்க வேண்டும். கடினம் என்று ஏற்கெனவே தெரிந்த கணக்கை எடுத்து, அதை உங்கள் கணக்காக மாற்ற வேண்டும். தலைகீழாகச் செய்தால், உங்கள் கணக்கைத் தீர்க்கச் சாட் உதவும் என்றுதான் ஆகும். அதிலிருந்து கடினம் பற்றி எதுவும் தெரியாது. பட்ட மேற்படிப்பு மாணவர்களே இதில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது செய்துகாட்டுகிறேன். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் ஒரு சாட் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நிபந்தனையும் "அ, ஆ, இ ஆகிய மூன்றில் ஒன்றாவது உண்மை" என்ற வடிவில் வருகிறது. இந்த அ, ஆ, இ ஒவ்வொன்றும் ஒரு மாறியாகவோ அதன் மறுப்பாகவோ இருக்கலாம். இதை மூன்று நிறக் கணக்காக மாற்ற வேண்டும்.

முதலில் ஒன்றோடொன்று இணைந்த மூன்று புள்ளிகளை வரையுங்கள். மூன்றுக்கும் வேறு வேறு நிறம் வந்தே தீரும். அந்த நிறங்களுக்கு மெய், பொய், நடு என்று பெயர் வைப்போம். அடுத்து, ஒவ்வொரு மாறிக்கும் இரண்டு புள்ளிகள்: ஒன்று அந்த மாறி, மற்றது அதன் மறுப்பு. இரண்டையும் ஒன்றோடொன்று இணையுங்கள், இரண்டையும் நடு என்ற புள்ளியோடும் இணையுங்கள். இப்போது அந்த இரண்டில் ஒன்றுக்கு மெய் நிறமும் மற்றதற்குப் பொய் நிறமும் வருவதைத் தவிர வேறு வழியே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு சின்னக் கருவி. புதிதாக மூன்று புள்ளிகளை முக்கோணமாக வரையுங்கள். முதலாவதை 'அ'வோடும் இரண்டாவதை 'ஆ'வோடும் இணையுங்கள். மூன்றாவது இந்தக் கருவியின் வாய். 'அ', 'ஆ' இரண்டுமே பொய் நிறம் என்றால் என்ன ஆகும்? முதல் இரண்டு புள்ளிகளும் பொய் நிறத்தை எடுக்க முடியாது, ஒன்றுக்கொன்று வேறாகவும் இருக்க வேண்டும். ஆகவே மெய்யும் நடுவும் அவற்றுக்கே போய்விடும், வாய்க்குப் பொய்தான் மிஞ்சும். இரண்டில் ஒன்றாவது மெய் என்றால், வாய்க்கு மெய் நிறம் வரும்படி அமைக்க முடியும். நீங்களே வரைந்து பாருங்கள். இதே மாதிரி இன்னொரு முக்கோணத்தை வரைந்து, முதல் கருவியின் வாயையும் 'இ'யையும் அதற்குள் கொடுங்கள். கடைசி வாயைப் பொய், நடு என்ற இரண்டு புள்ளிகளோடும் இணைத்துவிடுங்கள். இனி அதற்கு மெய் நிறம் மட்டுமே கிடைக்கும். மூன்றுமே பொய்யாக இருந்தால் கிராஃப் மூன்று நிறத்துக்குள் அடங்காது, ஒன்றாவது மெய்யாக இருந்தால் அடங்கும். நிபந்தனைக்கு 6 புள்ளி, 12 கோடு. மாற்றும் வேலை வேகமாக முடிந்துவிடுகிறது.

இது கிராஃபோடு நின்றது. தேர்வு அட்டவணைக்கு வர இன்னும் ஓர் அடி வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தாள் வையுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும், அந்த இரண்டு தாள்களை மட்டும் பாக்கி வைத்திருக்கும் அரியர் மாணவர் ஒருவரை வையுங்கள். முடிந்தது. எப்படிப்பட்ட கிராஃபையும் அரியர் மாணவர்களை வைத்தே உருவாக்கிவிடலாம். ஆகவே 3 செஷனில் அட்டவணை அடங்குமா என்ற கேள்வியே என்பி-முழுமை வகை, அதாவது என்பி வகுப்புக்கு உள்ளேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. அதற்கு எப்போதும் வேகமாக ஓடும் முறையை யாராவது கண்டுபிடித்தால், பியும் என்பியும் ஒன்று என்று நிறுவியவர் ஆவார். 2000-இல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு கணக்குகளில் அது ஒன்று. பரிசு இன்னும் கொடுக்கப்படாமல் இருக்கிறது.

உங்கள் கணக்கு பியிலும் அடங்காமல், இந்தச் சங்கிலியிலும் கோக்கப்படாமல் நடுவில் நின்றால் சோர்ந்துவிட வேண்டாம். பியும் என்பியும் வேறு என்றால் அப்படிப்பட்ட கணக்குகள் இருந்தே தீரும் என்று 1975-இல் ரிச்சர்ட் லேட்னர் நிறுவியிருக்கிறார். பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது அங்கேதான் இருக்கிறது என்று பலரும் கருதுகிறார்கள்.

என்பிக்கு வெளியே இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடையைச் சரிபார்க்கவே நேரம் எக்கச்சக்கமாகத் தேவைப்படும் என்று கருதப்படும் கணக்குகள் உண்டு. எட்டுக்கு எட்டு என்று நிற்காமல் பலகையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் சதுரங்கத்தில் யாருக்கு வெற்றி என்று கேட்பது அப்படி ஒன்று. 1981-இல் ஃபிராங்கலும் லிக்டன்ஸ்டைனும் நிறுவியபடி, அதற்கு அடுக்கில் ஏறும் நேரம் கட்டாயம் தேவை. அதற்கும் அப்பால், எவ்வளவு நேரம் கொடுத்தாலும் எந்தக் கணினியாலும் தீர்க்க முடியாதவை இருக்கின்றன. கொடுக்கப்பட்ட ஒரு நிரல் எப்போதாவது நிற்குமா என்ற கேள்வி அந்த வகை என்பதை 1936-இலேயே ஆலன் டூரிங் காட்டிவிட்டார். உங்கள் கணக்கில் இரண்டு பேர் மாறி மாறி நகர்த்தும் ஆட்டமோ, எல்லையில்லாமல் ஓடக்கூடிய நிரலோ இருந்தால் இந்தப் பக்கம் பாருங்கள். தேர்வு அட்டவணைக்கு இது தேவையில்லை.

இன்னோர் அளவு: பொருளின் சிக்கல்

கேள்வி கடினமாக இருப்பதும், கையில் இருக்கும் ஒரு பொருள் சிக்கலாக இருப்பதும் வேறு வேறு. முடிந்த அட்டவணை ஒன்றைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். "மூன்றாம் செமஸ்டர் எல்லாம் முற்பகல், பாடக்குறியீட்டு வரிசையில்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அது எளிய பொருள். ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும் என்றால் சிக்கலானது. ஒரு பொருளை உருவாக்கும் மிகச் சிறிய நிரலின் நீளம்தான் அதன் சிக்கல் என்று 1965-இல் கோல்மோகோரோவ் வரையறுத்தார். ரே சாலமனாஃபும் கிரிகோரி சைட்டினும் தனித்தனியாக இதே எண்ணத்துக்கு வந்திருந்தார்கள். இங்கும் கூரை சுலபம்: கோப்பை ஜிப் செய்து அளவைப் பாருங்கள், ஜிப்பைப் பிரிக்கும் நிரலின் அளவையும் அதோடு கூட்டினால், அதைவிட அதிகம் சிக்கல் இல்லை என்று சொல்லிவிடலாம். தரைதான் கிடைக்காது. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதன் சிக்கலைச் சரியாகக் கணக்கிட்டுச் சொல்லும் நிரலை எழுதவே முடியாது என்பது நிறுவப்பட்டிருக்கிறது.

ஏழாம் படி: உங்கள் மேஜையில் இருப்பதை அளங்கள்

என்பி-முழுமை என்ற முத்திரை விழுந்ததும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த முத்திரை எல்லா அட்டவணைகளுக்கும் சேர்த்துப் பேசுகிறது, அதுவும் மிக மோசமானவற்றை வைத்து. உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. மூன்று உறுப்பு நிபந்தனைகள் கொண்ட சாட் கணக்கைத் தற்போக்காக உருவாக்கிப் பார்த்தவர்கள், மாறி ஒன்றுக்கு நிபந்தனைகள் சுமார் 4.27 இருக்கும் இடத்துக்கு அருகில்தான் கடினமானவை குவிகின்றன என்று கண்டார்கள். அதைவிட வெகுவாகக் குறைந்தால் விடை சுலபமாகக் கிடைக்கிறது. வெகுவாகக் கூடினால் இல்லை என்பது சீக்கிரம் வெளிப்படுகிறது.

முதலில், கடினம் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். சில தாள்களை மட்டும் எடுத்துவிட்டால் மீதி எல்லாம் தனித்தனிக் கொத்துகளாகப் பிரிந்துவிடுமா? அப்படி எடுக்க வேண்டியவை 10 தாள்கள் என்று வையுங்கள். அந்த 10 தாள்களை எந்தெந்தத் தாள் ஒன்றாக வரும் என்று குழுக்களாகப் பிரிக்க 1,15,975 வழிகள் உண்டு. ஒவ்வொரு வழிக்கும், மிச்சமுள்ள கொத்துகளைத் தனித்தனியாக, இந்தத் தாளுக்கு இந்தச் செஷன் என்று ஜோடி சேர்த்தால் போதும், அது வேகமான வேலை. மொத்தத் தாள் 100 ஆனாலும் 500 ஆனாலும், அடுக்கில் ஏறுவது அந்த 10 மட்டுமே. கடினத்தை இப்படி ஓர் அளவுருவில் அடைத்து அளப்பதை ராட் டௌனியும் மைக்கேல் ஃபெல்லோஸும் தனித் துறையாக வளர்த்தார்கள். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இந்தத் துறையில் முக்கியமான ஆய்வுகள் நடந்துவருகின்றன.

எங்கள் கல்லூரியில் அரியர் எல்லாப் பக்கமும் பரவியிருந்ததால் அந்த வழி எனக்கு உதவவில்லை. 64 தாள்கள் இருந்தன. அந்த ஒரு கிராஃபுக்கு மட்டும் கூரையும் தரையும் தேடினேன். தரை முதலில் கிடைத்தது: நடப்புத் தாள் 6, அரியர் 5 என்று 11 தாள் எழுதும் மாணவர் ஒருவர் இருந்தார். அவருடைய 11 தாள்களும் ஒன்றோடொன்று மோதும், ஆகவே 11-க்குக் கீழே போக வழியில்லை. இந்தத் தரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. மூன்று தாள்கள்கூட ஒன்றுக்கொன்று மோதாத கிராஃபிலும் நிறங்கள் எத்தனை வேண்டுமானாலும் தேவைப்படலாம் என்று 1955-இல் யான் மிசியெல்ஸ்கி காட்டியிருக்கிறார்.

கூரைக்கு, நான் கையால் போட்ட 14 இருந்தது. 1979-இல் டானியல் பிரெலாஸ் சொன்ன டிசாட்டூர் முறையைப் போட்டேன். ஏற்கெனவே நிறம் பெற்ற அண்டைப் புள்ளிகளால் எந்தத் தாளுக்கு அதிகச் செஷன்கள் அடைபட்டிருக்கின்றனவோ, அதற்கு முதலில் இடம் கொடுப்பதுதான் அந்த முறை. 12 வந்தது. இந்த முறைக்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. பி வேறு, என்பி வேறு என்றால், நிற எண்ணிக்கையை ஓரளவு கிட்டத்தில் சொல்வதற்குக்கூட எல்லாக் கிராஃபுக்கும் பொருந்தும் வேகமான முறை இருக்க முடியாது என்று டேவிட் சக்கர்மன் நிறுவியிருக்கிறார். ஆனாலும் எனக்கு அன்று 12 கிடைத்தது.

மிச்சம் ஒரே கேள்வி: 11 போதுமா? இப்போது ரிடக்ஷனைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம், ஏனென்றால் இம்முறை தீர்ப்பதுதான் நோக்கம். "இந்தத் தாள் இந்தச் செஷனில்" என்பதற்கு ஒரு மாறி, ஆக 64 × 11 = 704 மாறிகள். ஒவ்வொரு தாளும் ஏதாவது ஒரு செஷனில் வர வேண்டும், மோதும் இரண்டு தாள்கள் ஒரே செஷனில் வரக் கூடாது. இந்த நிபந்தனைகளை எழுதி, சாட் கணக்குகளைத் தீர்க்கும் நிரலான ஒரு சாட் சால்வரிடம் கொடுத்தேன். அது "இல்லை" என்றது. கூடவே, எந்த நிபந்தனைகள் சேர்ந்ததால் இல்லை என்றாயிற்று என்பதையும் பிரித்துக் காட்டியது. பார்த்தால், 64 தாள்களில் 19 மட்டுமே அதில் இருந்தன. மீதி 45 தாள்களை எப்படி நகர்த்தினாலும் ஒரு செஷன்கூடக் குறையாது.

அந்தத் தடவையும் அதே கேள்வி வந்தது. 12 செஷன் அட்டவணையோடு அந்த 19 தாள்களின் பட்டியலையும், அவற்றை எழுதும் மாணவர்களின் பதிவெண்களையும் ஒரே தாளில் அச்சிட்டு மேஜையில் வைத்தேன்.